கை எடுக்காத இடம்

வீடு மரியாதையாகத்தான் பேசியது. சென்னியப்பனுக்கு அதுதான் கூடுதல் எரிச்சல்.

"படுக்கையறைக் காத்தைப் பாதியாக் குறைச்சிருக்கறேனுங்க. மேக்காலச் செவுரு லேசா மஞ்சக் கட்டுதுங்க. அதுக்குக் குளுந்த தண்ணி ஓட்டக் கரண்டு வேணுங்க. மன்னிச்சுக்கோங்க."

"செவுரு கெடக்கட்டும். உள்ள ஒரு மனுசி மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கெடக்கறா. தெரியலயா உனக்கு?"

"தெரியுதுங்க. அம்மாவோட மூச்சை நான் பாத்துட்டேதான் இருக்கறேனுங்க. உசுருக்கு ஆபத்தில்லாத அளவு காத்து போய்ட்டிருக்குதுங்க."

"அந்த அளவை எவன் சொன்னான்?"

"கவர்மெண்டு அளவுங்க. அதுக்குக் கீழ நான் போகவே மாட்டேனுங்க."

 சென்னியப்பன் தலை நரைக்கும் வரை சொந்த ஒர்க்‌ஷாப்பில் எரிந்த மோட்டார்களுக்குப் புதுக் காயில் கட்டிய மனிதர். ஓடாத மோட்டார்களோடு மல்லுக்கட்டி ஜெயித்திருக்கிறார். சரியாக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றோடு எப்படிச் சண்டை போடுவது என்பது அவருக்குத் தெரியவில்லை.

வெளியே சித்திரை வெயில். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து குளுகுளுவென்று காற்று வரும் என்று கோயமுத்தூர்க்காரர்கள் பெருமை பேசிய காலம் ஒன்று உண்டு. இப்போது அதே வழியாகக் காவி நிறத்தில் புழுதி வந்தது. தெருவில் எந்த வீட்டிலும் ஜன்னல் திறந்திருக்கவில்லை. படுக்கையறையில் அவர் மனைவி செவந்தி தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு நின்றுவிடும்போல இருக்கும் அவளுக்கு.

"யாரோட சத்தம் போடறீங்க?" என்று கேட்டாள், நடுநடுவே மூச்சை இழுத்து.

"ஊட்டோடதான்."

"அது என்னங்க பண்ணும், பாவம்" என்றாள் செவந்தி.

சூலூரைத் தாண்டி இருந்த அந்த லேஅவுட்டில் எல்லாமே தளிர் வீடுகள். கம்பெனி வைத்த பெயர் அது. கூரையே கரண்ட் எடுக்கும். குளித்த தண்ணீரைத் தானே சுத்தம் செய்து மறுபடி குழாயில் கொடுக்கும். அறைகளுக்குள் வடிகட்டிய காற்று வரும். எல்லாவற்றுக்கும் மேலே, வெளிச்சுவர் முழுக்க உயிருள்ள பாசி. எடுப்பதைவிட அதிகமாகக் கொடுக்கிற வீட்டின் சுவர் நாற்றங்கால் பச்சையில் இருக்கும். அதிகமாக எடுக்கிற வீட்டின் சுவர் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். எந்த வீடு எப்படி என்பது தெருவில் போகிறவர் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சுவரை வெயிலில் பச்சையாக வைத்திருக்கவே பாதிக் கரண்டும் பாதித் தண்ணீரும் போகும் என்பது மட்டும் குடிவந்த பிறகுதான் தெரியும்.

சாதாரண வீட்டைப்போல ஒன்றரை மடங்கு விலை. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தை விற்றுத்தான் சென்னியப்பன் வாங்கினார். ஏன் இவ்வளவு கொடுத்து வாங்குகிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதில்தான். "செவந்தி மூச்சு விடோணும்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து ஏஜெண்டு ஒருவன் வேனில் ஏற்றிவந்த பெண்களில் ஒருத்தியாக அவள் நூல் மில்லுக்கு வந்தாள். மில்லில் மோட்டார் எரிந்துபோனபோது காயில் கட்டப் போன சென்னியப்பன், தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டி நின்ற அவளைப் பார்த்தார். மோட்டார் சரியான பிறகும் நான்கைந்து தடவை போய்ப் பார்த்தார். கல்யாணம் ஆயிற்று. நெஞ்சுக்குள் போன பஞ்சு மட்டும் அவளோடேயே தங்கிவிட்டது. வருஷம் போகப்போக, வெளிப்புழுதி ஏற ஏற, அவளுடைய மூச்சு சுருங்கிக்கொண்டே வந்தது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சென்னியப்பனுக்கு ஒரே அக்கா, தேவாத்தா. "மில்லுல பஞ்சு பொறுக்குனது நம்மூட்டுக்குள்ளயா" என்று கல்யாணத்தின்போது சொன்ன அக்கா, அதற்குப் பிறகு தம்பி வீட்டில் கால் வைக்கவில்லை. எப்போதாவது வாசலுக்கு வெளியே நின்று பேசினாலும் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

தளிர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத்தான் அக்கா வந்தார். வாசலில் நின்று சுவரை அண்ணாந்து பார்த்தார், உள்ளங்கையை வைத்துத் தடவினார். "பரவால்ல, நல்லாத்தான் வெச்சிருக்கற" என்று செவந்தியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அந்த டம்ளரைச் செவந்தி கழுவித் துடைத்து, கூடத்து அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். சென்னியப்பன் சிரித்தார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

வீடு வாங்கும்போது நடந்த சடங்கு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

ஷோரூமில் ரெஹானா என்ற பெண் அவர்களை மாதிரி வீட்டுக்குள் அழைத்துப் போனாள். சப்பாத்திப் பலகை அளவில் வெள்ளையாக ஒன்றைக் காட்டினாள்.

"இதுல கையை வெச்சுக்குங்க. நான் ஒவ்வொரு வசதியாச் சொல்லி வெலையை ஏத்திட்டே போவேன். வெல ஏற ஏறப் பலகை சுடற மாதிரி இருக்கும். தாங்கலைன்னா கை தானா வந்துரும்."

"சுட்டா கொப்பளிச்சுராதா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"நெஜமாச் சுடாதுங்க சார். உங்க மனசுக்கு அப்படித் தோணும், அவ்வளவுதான். ரொம்ப வேணும்னு நெனைக்கறதுக்கு எவ்வளவு வெல சொன்னாலும் சூடே தெரியாது."

"இதெல்லாம் எதுக்கு? வேணுங்கறதை வாயில கேட்டாப் போதாதா?"

ரெஹானா சிரித்தாள். "கேட்டுப் பாத்தாச்சுங்க. எதுக்கு அதிக வெல குடுக்கறீங்கன்னா எல்லாரும் பூமிக்காகன்னு சொல்லுவாங்க, இல்லைன்னா புள்ளைங்களுக்காகன்னு. அதை நம்பி ஊட்டை ஓட்டுனா தெனம் புகார். கோடையில கரண்ட், தண்ணி எல்லாத்துக்கும் பத்தாது. ஊடு எதையாவது ஒண்ணைக் கொறைச்சுத்தான் ஆகோணும். எதைக் கொறைக்கலாம், எதைக் கொறைக்கக் கூடாதுங்கறதை இந்தப் பலகைதான் ஊட்டுக்குச் சொல்லும்."

இருவரும் தனித்தனியாகக் கை வைத்தார்கள். பலகை என்ன சொன்னது என்பதை ரெஹானா சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்று கம்பெனி விதி. அவர்களும் கேட்கவில்லை. பத்திரம் செவந்தி பேரில் பதிவாயிற்று. பெண் பேரில் பதிந்தால் கட்டணத்தில் சலுகை உண்டு. கிடைக்கிற சலுகையை விடுகிற ஆளா சென்னியப்பன்?

குடிவந்த பிறகு தெருவில் ஒரு சங்கடம் மெல்லத் தெரிய ஆரம்பித்தது. எதிர்வீட்டு ஆடிட்டர் பூமியைக் காப்பாற்ற வந்ததாக எல்லோரிடமும் பேசுவார். அவர் வீடோ விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துக் கரண்டை மிச்சம் பிடித்து விற்றது. மூலைவீட்டு வாத்தியார் மகனுக்காகத்தான் என்றார். அவர் வீடு மகனுடைய அறையைப் பூட்டிவிட்டு வாத்தியாரின் அறையைக் குளிராக வைத்திருந்தது. வீட்டின் நடத்தையைப் பார்த்தே வீட்டுக்காரரின் மனசு தெருவுக்குத் தெரிந்தது. அப்புறம் யாரும் யார் வீட்டுக்கும் அதிகமாகப் போவதில்லை.

தன் வீடு சுவரைக் கவனித்துச் செவந்தியைப் பட்டினி போடுகிறது என்று தெரிந்த நாளிலிருந்து சென்னியப்பனுக்குத் தூக்கம் போயிற்று. ஷோரூமில் அந்தப் பச்சைச் சுவரைப் பார்த்தபோது தன் மனசில் ஓடியது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அக்கா பார்க்க வேண்டும் என்று நினைத்தார். ஒர்க்‌ஷாப்புக்கு எதிர்க்கடை வைத்து நொடித்துப்போகச் செய்யப் பார்த்தவன் பார்க்க வேண்டும் என்றும் நினைத்தார். ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தைப் பலகை பிடித்துக்கொண்டுவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். மனைவியின் மூச்சை விற்றுப் பெருமை வாங்கியிருக்கிறேன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

என்னென்னவோ செய்து பார்த்தார். ஒர்க்‌ஷாப்பிலிருந்து தனி மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து காற்று வடிகட்டி செய்து படுக்கையறையில் ஓட்டினார். அறைக் காற்று தேறியதை வீடு கவனித்தது, தன் பங்கைக் குறைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிகளில் சுத்தக் காற்று வார்டுகளில் இடமே இல்லை. வேறு வீட்டுக்குப் போகலாம் என்றால் செவந்தி ஒத்துக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானம் வீட்டோடு பேசித் தோற்ற பிறகு, சென்னியப்பன் கொத்துக்கரண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சுவர் இருந்தால்தானே தண்ணீர் கேட்கும். மேற்குமூலையில் கரண்டியை ஓங்கி வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். பாசி வழவழவென்று உரிந்து காலடியில் விழுந்தது.

பின்னாலிருந்து ஒரு கை அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது. செவந்தி. புழுதிக்கு வாயில் துணி கட்டியிருக்கவில்லை, காலில் செருப்பு இல்லை. அந்தப் புழுதியில் எழுந்து வந்திருந்தாள்.

"கை வெக்காதீங்க" என்றாள். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை. கரண்டியை அவர் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தாள், முடியவில்லை, அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்தாள்.

அவளைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தார். காசு போட்டு வாங்கிய பொருள் வீணாகிறதே என்று பதறியிருப்பாள் என்றுதான் அப்போதும் நினைத்தார். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. வீடு கொஞ்ச நேரம் காற்றைக் கூட்டியது. நீலம் மாறியதும் மறுபடி குறைத்தது.

மறுநாள் கம்பெனி அலுவலகத்தில் ரெஹானாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தார் சென்னியப்பன்.

"அம்மணி, நான் ஒத்துக்கறேன். அன்னிக்குப் பலகையில கை வெச்சப்ப நான் பெருமைக்கு ஆசைப்பட்டுட்டேன். தப்புத்தான். இன்னொருக்கா வெக்கறேன், இந்தவாட்டி அவ மூச்சைத் தவிர வேற எதையும் நெனைக்க மாட்டேன். அதை மட்டும் மாத்திக் குடுத்துருங்க."

ரெஹானா திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சார், உங்க ஊடு உங்க கையைப் பாத்து ஓடலைங்க."

"பின்ன?"

"யார் பேர்ல பத்திரமோ அவங்க கைதான் கணக்கு. அவங்க கையைப் பாத்துத்தான் ஓடுது."

சென்னியப்பனுக்கு முதலில் அது சந்தோஷமாகக்கூட இருந்தது. "அப்ப மிஷின்லதான் கோளாறு. அவளுக்கு வேண்டியதே காத்துதான். அதுக்குத்தானே வாங்குனதே."

"கோளாறு இல்லைங்க." ரெஹானா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் இதைச் சொல்லக் கூடாது. காத்துன்னு சொல்லி மொத வெலையைச் சொன்னதுமே அவங்க கையை எடுத்துட்டாங்க. கரண்ட், தண்ணி எல்லாத்துக்கும் அப்படித்தான். செவுருன்னு சொன்னப்பத்தான் கை எடுக்கவே இல்லை. நான் வெலையை ஏத்திட்டே போனேன். எங்க பட்டியல்ல இருக்கற கடைசி வெலையும் முடிஞ்சுது. கை அங்கயே இருந்துது."

 அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் இருந்த டம்ளர் சென்னியப்பனுக்கு ஞாபகம் வந்தது.

"என் கை?" என்று கேட்டார். "என் கை எங்க நின்னுது?"

"காத்துலங்க" என்றாள் ரெஹானா. "கடைசி வரைக்கும் எடுக்கலை நீங்க."

தன்னைத் திட்டிக்கொண்டது அத்தனையும் வீண் என்று தெரிந்ததில் அவருக்குத் துளிகூட ஆறுதல் இல்லை. தன் மேல் தப்பு இருந்திருந்தால் திருத்திக்கொள்ள ஒரு வழியாவது இருந்திருக்கும்.

ரெஹானா நல்ல பெண். பலகையை எடுத்துக்கொண்டு அவரோடேயே வண்டியில் வந்தாள். சொந்தக்காரர் மறுபடி கை வைத்தால் வீடு புதுக் கணக்கில் ஓடும், அதற்கு விதியில் இடம் உண்டு என்று வழியெல்லாம் தைரியம் சொன்னாள்.

செவந்தி பலகையைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துகொண்டாள். புருஷனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இங்க பாரு" என்றார் சென்னியப்பன், கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து. "உம்மேல எனக்குக் கோவமே இல்லை. காத்துன்னு அந்தப் பொண்ணு சொல்லும்போது கையை எடுக்காத. நெஞ்சு எப்படி அடைக்குதுன்னு நெனைச்சுக்க. எனக்காகச் செய்யி."

"சரிங்க" என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள்.

ரெஹானா காற்றுக்கு முதல் விலையைச் சொன்னாள். செவந்தியின் நெற்றி வியர்த்தது. இரண்டாவது விலைக்கு அவள் இடது கையால் வலது கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். மூச்சு விசிலடித்தது. மூன்றாவது விலை பாதி சொல்லும்போதே கை துள்ளி மடியில் விழுந்தது. உள்ளங்கையை ஊதிக்கொண்டாள்.

"சுடுதுங்க" என்று அழுதாள். "நான் நெனைக்கத்தான் செஞ்சேன். எனக்காக இவ்வளவான்னு தோணிருது. நீங்க நெலத்தை வித்தது ஞாபகம் வருது. எனக்கு எதுக்கு அவ்வளவு? சூடு தாங்கலைங்க."

சுவருக்கு ரெஹானா விலை சொல்லவே வேண்டியிருக்கவில்லை. சும்மா ஒப்புக்குச் சொன்னாள். கை பலகையின் மேல் அமைதியாகக் கிடந்தது. அந்த நேரத்துக்கு மூச்சுகூடக் கொஞ்சம் சீராக வந்தது அவளுக்கு. ரெஹானா விலை சொல்வதைத் தானாகவே நிறுத்திக்கொண்டாள்.

"இன்னொரு வழி இருக்குதுங்க" என்றாள். "ஊட்டைச் சார் பேருக்கு மாத்தி எழுதிட்டா அவரோட கையைப் பாத்து ஓடும். நாளைக்கே பண்ணலாம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுமுங்க."

சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை.

செவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதை மட்டும் கேக்காதீங்க" என்றாள்.

"ஏஞ் செவந்தி? நானும் நீயும் வேறயா?"

"வேற இல்லைங்க. ஆனா மில்லுல எனக்கு நம்பர்தான் இருந்துச்சு. நம்ம கல்யாணப் பத்திரிகையில பொண்ணு பேரைப் போடாம விட்டுட்டாங்க உங்க அக்கா. எம்பேரு எழுதுன பொருளுன்னு இந்த ஊடு ஒண்ணுதான்." நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அன்னிக்கு அவங்க வாசல்ல நின்னு, செவந்தி ஊடா இதுன்னு கேட்டாங்க. உங்களுக்குக் கேட்டுச்சோ என்னமோ. எனக்குக் கேட்டுச்சு. வர்ற மாசம் புது மருமகளைக் கூட்டிக்கிட்டு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. வந்துட்டுப் போகட்டும். அப்புறம் எங்க வேணா கையெழுத்துப் போடறேன்."

"வர்ற மாசம் வரைக்கும் நீ எப்படி இருப்ப?"

"எனக்குப் பழக்கந்தானுங்க" என்றாள் செவந்தி.

அவர் கெஞ்சினார். கோபித்தார், அக்காவைத் திட்டினார், திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. பலவந்தமாகக் கை வைத்துக் கையெழுத்து வாங்குகிற மனிதரில்லை சென்னியப்பன். அப்படிப்பட்டவராக இருந்திருந்தால் அவள் அவரைக் கட்டியிருக்கவும் மாட்டாள். ரெஹானா பலகையைப் பைக்குள் வைத்தாள், கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் புழுதி இன்னும் கனத்தது. செவந்தியின் விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் எழும்பி எழும்பித் தாழ்ந்தன. சென்னியப்பன் பரணிலிருந்து பழைய பனையோலை விசிறியைத் தேடி எடுத்தார். ஓரத்தை நனைத்துக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வீச ஆரம்பித்தார். கரண்டு கேட்காத விசிறி, வீட்டைக் கேட்க வேண்டியதில்லாத விசிறி. கொஞ்ச நேரத்தில் அவளுடைய முகம் லேசாகத் தெளிந்தது. கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லா இருக்குதுங்க" என்றாள்.

அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இது ஒன்றாவது நம் கையில் இருக்கிறதே என்று நினைத்தார். கை வலித்தால் மறுகைக்கு மாற்றிக்கொள்ளலாம். வர்ற மாசம் வரைக்கும் வீசலாம். எவ்வளவு வேண்டுமானாலும் வீசலாம்.

"ஐயா" என்றது வீடு, மெதுவாக, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோன்ற பதவிசோடு. "அம்மாவுக்கு மூச்சு கொஞ்சம் தேவலைங்க. கவர்மெண்டு அளவுக்கு மேலயே போகுதுங்க. காத்தைக் கொறைச்சு, மிச்சக் கரண்டைச் செவுத்துக்குத் திருப்பிக்கறேனுங்க."

அறைக்குள் இருந்த காற்றுத் துளையில் வந்துகொண்டிருந்த சத்தம் பாதியாக இறங்கியது. சென்னியப்பனின் கை அந்தரத்தில் நின்றது. நின்ற உடனே செவந்தியின் மூச்சு விசிலடித்தது.

ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே, முந்தின நாள் அவர் சுரண்டிய இடத்தில் புதுப்பாசி தளிர்க்கத் தொடங்கியிருந்தது. செவந்தி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி வீச ஆரம்பித்தார்.